கட்டணம் இல்லாத ஆஸ்பத்திரி ஏன் காலியானது? - சியரா லியோனும் எபோலாவும்

மேற்கு ஆப்பிரிக்காவின் கடற்கரையில் சியரா லியோன் என்றொரு சிறிய நாடு இருக்கிறது. வைரத்துக்கும் உள்நாட்டுப் போருக்கும் பெயர் போன நாடு. 1991-இல் தொடங்கிய போர் 2002-இல் முடிந்தபோது அங்கே பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலையும் பாதிக்கு மேல் சிதைந்து கிடந்தன. அப்படிப்பட்ட நாடு 2010 ஏப்ரல் 27-ஆம் தேதி, தன் சுதந்திர தினத்தன்று, பணக்கார நாடுகள் சிலவும் செய்யத் தயங்கும் ஒரு காரியத்தைச் செய்தது. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஆகியோருக்கு அரசு மருத்துவமனைகளில் இனி கட்டணம் கிடையாது என்று அதிபர் எர்னஸ்ட் பாய் கொரோமா அறிவித்தார்.

நான்கே ஆண்டுகளில் அந்த நாட்டை எபோலா தாக்கியது. இலவசமாக இருந்த ஆஸ்பத்திரிகளுக்கும் மக்கள் வருவதை நிறுத்தினார்கள். எபோலா நோயாளிகளை மட்டும் சொல்லவில்லை. பிரசவத்துக்கு, மலேரியாவுக்கு, தடுப்பூசிக்கு என்று வழக்கமாக வருகிறவர்களும் வரவில்லை. இலவசம் என்றால் கூட்டம் வரும், கட்டணம் என்றால் கூட்டம் குறையும் என்பதுதான் பொதுவான கணக்கு. கொள்ளைநோய்க் காலத்தில் அந்தக் கணக்கு எங்கே பொய்த்தது, எங்கே பொய்க்கவில்லை என்பதைப் பார்க்கச் சியரா லியோனை விடப் பொருத்தமான நாடு கிடைப்பது அரிது.

கட்டணம் எப்படி வந்தது?

ஆப்பிரிக்க நாடுகள் பல விடுதலை பெற்ற புதிதில் மருத்துவத்தை இலவசமாகவே வைத்திருந்தன. 1978-இல் அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், 2000-ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நல்வாழ்வு என்று முழங்கின. ஆனால் 1980-களில் கடன் நெருக்கடி வந்தது. அரசுகளின் கையில் காசில்லை. சுகாதார நிலையங்களின் கட்டடம் இருக்கும், மருந்து இருக்காது. 1987-இல் உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டு, சேவையைப் பெறுகிறவர்களிடம் கட்டணம் வாங்குங்கள் என்று ஆலோசனை சொன்னது. அதே ஆண்டு மாலி நாட்டின் தலைநகரான பமாகோவில் கூடிய ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள், யுனிசெஃப் ஆதரவுடன் ஒரு திட்டத்தை ஏற்றார்கள். மக்கள் மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டும், அந்தக் காசு அதே சுகாதார நிலையத்தில் தங்க வேண்டும், அதைக் கொண்டு அடுத்த மருந்தை வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு.

காகிதத்தில் நியாயமான யோசனைதான். மருந்தே இல்லாத இலவச நிலையத்தைவிட, காசுக்காவது மருந்து கிடைக்கும் நிலையம் மேல் அல்லவா? ஆனால் காசே இல்லாதவர்களை என்ன செய்வது என்ற கேள்விக்கு யாரும் தெளிவான பதில் சொல்லவில்லை. ஏழைகளுக்கு விலக்கு உண்டு என்றார்கள். யார் ஏழை என்பதை யார் முடிவு செய்வது? ஊரே ஏழையாக இருக்கும்போது அந்த விலக்கு எழுத்தில் மட்டுமே இருந்தது.

சியரா லியோனில் இதன் விளைவு பயங்கரமாக இருந்தது. ஐ.நா. அமைப்புகளின் 2005-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்நாட்டில் எட்டுப் பெண்களில் ஒருவர் தம் வாழ்நாளில் கர்ப்பத்தாலோ பிரசவத்தாலோ இறக்கும் அபாயத்தில் இருந்தார். எட்டில் ஒருவர்! 2008-இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி நான்கில் ஒரு பிரசவம்தான் மருத்துவ நிலையத்தில் நடந்தது. மற்றவை வீட்டில், மருத்துவச்சியின் கையில். ரத்தப்போக்கு நிற்காமல் போன பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினால், முதலில் காசைக் கட்டச் சொல்வார்கள். காசு புரட்டி வருவதற்குள் அவள் உயிர் போயிருக்கும். ஆம்னஸ்டி இன்டர்நேஷனல் 2009-இல் இதைப் பற்றியே தனியாக ஓர் அறிக்கை எழுதியது.

இலவசம் வந்த ஆண்டு

அறிவித்துவிட்டால் மட்டும் இலவசம் வந்துவிடாது என்பதை அரசு அறிந்திருந்தது. 2010 மார்ச் மாதத்தில் மருத்துவர்களும் நர்சுகளும் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூட்டம் பெருகப் போகிறது, சம்பளமோ பிச்சைக்காசு, அத்துடன் நோயாளிகள் கையில் கொடுத்துவந்ததும் நின்றுவிடும் என்பது அவர்கள் கவலை. நியாயமான கவலைதான். அரசு சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தியது. சம்பளப் பட்டியலைச் சுத்தம் செய்து, வேலைக்கே வராமல் பெயரளவில் மட்டும் இருந்தவர்களை நீக்கியது. பிரிட்டன் உள்ளிட்ட கொடை நாடுகள் பணம் கொடுத்தன. யுனிசெஃப் வழியாக மருந்து வாங்கப்பட்டது.

கதவு திறந்ததும் மக்கள் வெள்ளமாக வந்தார்கள். திட்டத்துக்கு முந்தைய ஆண்டில் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள் மருத்துவ நிலையங்களுக்கு வந்தது சுமார் 9 லட்சம் முறை. திட்டம் வந்த முதல் ஆண்டில் அது ஏறத்தாழ 29 லட்சம் ஆனது. மூன்று மடங்கு! அதுவரை அந்தக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் வராமலா இருந்தது? வந்தது, வீட்டிலேயே கிடந்தார்கள். 2013 கணக்கெடுப்பில் மருத்துவ நிலையங்களில் நடந்த பிரசவம் 54 சதவீதமாக உயர்ந்திருந்தது.

இந்த உயர்வுக்கு இலவசம் மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாது. பல ஊர்களில் தலைவர்கள், வீட்டில் பிரசவம் பார்த்தால் அபராதம் என்று உள்ளூர் விதிகள் கொண்டுவந்தார்கள். பிரசவம் பார்த்துவந்த மருத்துவச்சிகளையும் தண்டித்தார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களில் ஒரு பகுதியினர் இலவசத்தை நம்பி வந்தவர்கள், இன்னொரு பகுதியினர் அபராதத்துக்குப் பயந்து வந்தவர்கள். இருவரும் பதிவேட்டில் ஒரே மாதிரிதான் தெரிவார்கள். பின்னால் எபோலா வந்தபோதுதான் இந்த வித்தியாசம் முக்கியமாகிறது.

இலவசத்தில் ஓட்டைகளும் இருந்தன. சுகாதார நிலையங்களில் வேலை பார்த்தவர்களில் கணிசமானவர்கள் சம்பளப் பட்டியலிலேயே இல்லாத "தொண்டர்கள்". பயிற்சி முடித்துவிட்டு, என்றாவது வேலை நிரந்தரமாகும் என்ற நம்பிக்கையில் காத்திருந்தவர்கள். சம்பளம் இல்லாதவர் எதை வைத்து வாழ்வார்? நோயாளியிடம் ஏதாவது வாங்கித்தான். மருந்து தீர்ந்துபோன நாட்களில் "இலவச மருந்து இல்லை, காசு மருந்து இருக்கிறது" என்ற பதிலும் கிடைத்தது. சுவரில் இலவசம் என்று எழுதியிருக்கும்போது மேசைக்கடியில் காசு வாங்கினால், கட்டணம் வாங்கிய காலத்தைவிட அதிகமாக மனக்கசப்பு உண்டாகும். முன்பு ஏழைமையால் மறுக்கப்பட்டோம் என்று நினைத்தவர்கள், இப்போது ஏமாற்றப்படுகிறோம் என்று நினைக்கத் தொடங்கினார்கள்.

எபோலா வந்தது

2013 டிசம்பரில் கினி நாட்டின் காட்டுப் பகுதியில் மெலியாண்டு என்ற கிராமத்தில் ஒரு சிறு குழந்தை இறந்தது. அதுதான் தொடக்கம் என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். 2014 மார்ச்சில் கினியில் எபோலா உறுதியானது. எல்லை என்பது அங்கே வரைபடத்தில் மட்டும்தான். கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்றும் சந்திக்கும் அந்த மூலையில் ஒரே இனத்தவர், ஒரே சந்தை, ஒரே கல்யாணம், ஒரே சாவு. எல்லையோரத்தில் இருந்த ஒரு நாட்டு வைத்தியர் நோயாளிகளைப் பார்த்துத் தாமும் இறந்தார். அவருடைய இறுதிச் சடங்கில் கலந்துகொண்டவர்கள் வழியாக நோய் சியரா லியோனுக்குள் பரவியது.

2014 மே மாத இறுதியில் அந்நாட்டில் முதல் நோயாளி உறுதி செய்யப்பட்டார். கருச்சிதைவு ஏற்பட்டு கெனெமா அரசு மருத்துவமனைக்கு வந்த ஓர் இளம்பெண். இலவசத் திட்டம் யாருக்காகக் கொண்டுவரப்பட்டதோ, அந்தக் கூட்டத்தில் ஒருவர். அவர் பிழைத்துக்கொண்டார். அந்த மருத்துவமனையில் லாசா காய்ச்சலுக்கென்று ஏற்கெனவே ஒரு தனிப் பிரிவு இருந்ததால்தான் இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்க முடிந்தது.

ஆனால் அந்தப் பிரிவு சமாளிக்கக்கூடிய அளவை நோய் சில வாரங்களிலேயே தாண்டியது. லாசா பிரிவின் தலைமை நர்ஸ் ம்பாலு ஃபோனி ஜூலையில் இறந்தார். பிரிவின் தலைவரும் நாட்டின் ஒரே லாசா நிபுணர் என்று சொல்லத்தக்கவருமான டாக்டர் ஷேக் உமர் கான் ஜூலை 29-ஆம் தேதி இறந்தார். அதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் அதே மருத்துவமனையின் முன் ஒரு பெருங்கூட்டம் திரண்டது. எபோலா என்பதே கட்டுக்கதை, உள்ளே மனித உறுப்புகளை எடுக்கிறார்கள் என்ற வதந்தி. போலீஸ் கண்ணீர்ப்புகை வீசிக் கலைத்தது. உள்ளே நர்சுகள் செத்துக்கொண்டிருக்க, வெளியே மக்கள் அவர்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

2014 ஜூலை இறுதியில் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. 2016 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை முடித்துக்கொண்டபோது சியரா லியோனில் மட்டும் 14,000-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டு, 3,956 பேர் இறந்திருந்தார்கள். மருத்துவப் பணியாளர்களில் 221 பேர் மாண்டார்கள், அவர்களில் 11 பேர் டாக்டர்கள். லட்சம் பேருக்கு இரண்டு மூன்று டாக்டர்கள் மட்டுமே இருந்த நாட்டில் 11 பேர் என்பது என்ன அர்த்தம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

கட்டணம் இல்லை, ஆளும் இல்லை

இந்தக் காலம் முழுவதும் இலவசத் திட்டம் ரத்தாகவில்லை. கர்ப்பிணி வந்தால் அன்றும் காசு கேட்கக் கூடாது என்பதே சட்டம். ஆனால் 2014 மே முதல் அக்டோபர் வரை நாட்டின் மருத்துவமனைகளைக் கணக்கெடுத்த ஓர் ஆய்வு, உள்நோயாளிகள் சேர்க்கை சுமார் 70 சதவீதமும் பெரிய அறுவை சிகிச்சைகள் பாதியும் குறைந்துபோனதைக் கண்டது. பல தனியார், மிஷன் மருத்துவமனைகள் மூடியே விட்டன.

ஏன் வரவில்லை? நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் பதில் எளிது. ஆஸ்பத்திரியில்தான் எபோலா இருக்கிறது. காய்ச்சலோடு உள்ளே போனால் எபோலா என்று பிடித்து வைத்துக்கொள்வார்கள். எபோலா இல்லாதவனுக்கும் அங்கே எபோலா வந்துவிடும். பிறகு பிணம்கூட வீட்டுக்கு வராது. இதில் வதந்தி பாதி, உண்மை பாதி. சோதனை முடிவு வரும் வரை, எபோலா உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே கூடத்தில் காத்திருக்க வேண்டிய நிலை தொடக்க மாதங்களில் உண்மையாகவே இருந்தது. மக்களை அறியாமையில் இருப்பவர்கள் என்று சொல்லி ஒதுக்கிவிடுவது வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அந்த மாதங்களில் அந்தக் கட்டடத்துக்குள் போகாமல் இருந்தது அப்படியொன்றும் முட்டாள்தனமான முடிவு அல்ல.

நர்சின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் அதே பயம். மலேரியா, டைபாய்டு, எபோலா எல்லாம் காய்ச்சலில்தான் தொடங்குகின்றன. பிரசவ அறையின் நிலை இன்னும் மோசம். எபோலா கண்ட கர்ப்பிணிக்குக் கருச்சிதைவும் ரத்தப்போக்கும் வரும். எபோலா இல்லாத கர்ப்பிணிக்கும் சிக்கலான பிரசவத்தில் கருச்சிதைவும் ரத்தப்போக்கும் வரும். எது எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வழியில்லை. ரத்தம்தான் நோயைக் கடத்தும், பிரசவமோ ரத்தம் இல்லாமல் நடக்காது. கையுறையே போதாத இடத்தில் வேலை பார்த்த நர்சு, ரத்தம் வழிய வந்த பெண்ணைத் தொடத் தயங்கினாள். உடலைத் தொடாதே என்பதுதான் அப்போது நாடு முழுவதும் சுவரில் எழுதியிருந்த கட்டளை. தொடாமல் எப்படிப் பிரசவம் பார்ப்பது? முதலில் எபோலா இல்லை என்று சான்று கொண்டு வா என்று திருப்பி அனுப்பப்பட்ட பெண்கள் உண்டு. முன்பு காசு கேட்டு வாசலில் நிறுத்தினார்கள், இப்போது சோதனை முடிவைக் கேட்டு நிறுத்தினார்கள்.

இப்படி வராமல் போனவர்களின் கணக்கு எபோலா பட்டியலில் சேராது. ஆனால் ஆய்வாளர்கள் கணக்கிட முயன்றார்கள். வழக்கமான தாய்சேய் சேவைகளின் பயன்பாடு குறைந்ததால் 2014-15-இல் சியரா லியோனில் தாய்மார், பச்சிளம் குழந்தைகள், பிறக்கும்போதே இறந்த சிசுக்கள் என்று கூடுதலாக சுமார் 3,600 உயிர்கள் போயிருக்கும் என்பது 2017-இல் வெளியான ஒரு மதிப்பீடு. எபோலாவால் நேரடியாக இறந்தவர்கள் 3,956. ஏறத்தாழச் சமம்! மூன்று நாடுகளையும் சேர்த்துப் பார்த்த வேறொரு ஆய்வு, சேவை பாதியாகக் குறைந்ததால் மலேரியா, எய்ட்ஸ், காசநோய் ஆகிய மூன்றால் மட்டும் 10,000-க்கும் மேற்பட்டோர் கூடுதலாக இறந்திருக்கலாம் என்று கணித்தது. எபோலாவால் மூன்று நாடுகளிலும் இறந்தவர்கள் 11,300 பேர்.

இலவசம் ஒன்றுமே செய்யவில்லையா?

அப்படிச் சொன்னால் அது அவசரத் தீர்ப்பாகிவிடும். பெரிய மருத்துவமனைகள் காலியானதைப் போலச் சிறிய சுகாதார நிலையங்கள் காலியாகவில்லை. நாடு முழுவதும் எடுத்த ஓர் ஆய்வில் கர்ப்பகாலப் பரிசோதனைக்கு வந்தவர்கள் 18 சதவீதமும், பிரசவத்துக்குப் பிந்தைய பரிசோதனைக்கு வந்தவர்கள் 22 சதவீதமும், நிலையத்தில் நடந்த பிரசவங்கள் 11 சதவீதமும் குறைந்திருந்தன. வேறு ஆய்வுகளில் 20 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக வருகிறது. எப்படிப் பார்த்தாலும், ஊரடங்கும் சாலைத் தடுப்பும் சாவுமாக இருந்த அந்த ஆண்டில், முன்பு நிலையத்துக்கு வந்துகொண்டிருந்த பத்துப் பெண்களில் ஏழெட்டுப் பேர் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தார்கள். நான்காண்டு இலவசம் ஒரு பழக்கத்தை உண்டாக்கியிருந்தது என்று இதை வாசிக்க இடமுண்டு. அபராத விதிகளும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

பக்கத்து நாடுகளோடு ஒப்பிட்டால் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது. கினி பமாகோ திட்டத்தின் முன்னோடி நாடுகளுள் ஒன்று. பிரசவம் சார்ந்த சில சேவைகள் நீங்கலாக அங்கே கட்டண முறைதான். 2014-இல் கினியின் சுகாதார நிலையங்களுக்கு வந்த மலேரியா நோயாளிகள் வழக்கத்தைவிட சுமார் 74,000 பேர் குறைவு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. நோய் ஓய்ந்த பிறகும் அங்கே பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் தாய்சேய் சேவைகளின் பயன்பாடு பழைய நிலைக்கு முழுமையாகத் திரும்பவில்லை. லைபீரியாவோ போருக்குப் பின் அடிப்படைச் சிகிச்சைக்கான கட்டணத்தை நிறுத்தி வைத்திருந்த நாடு. அங்கும் 2014-இல் தலைநகர் மன்ரோவியாவின் மருத்துவமனைகள் பல மூடப்பட்டன, பிரசவத்துக்கு இடமில்லாமல் பெண்கள் தெருவில் அலைந்தார்கள். ஆக, கட்டணம் இருந்த நாட்டிலும் இல்லாத நாட்டிலும் வீழ்ச்சி வந்தது. வித்தியாசம் தெரிவது மீண்டு வருவதில்தான். சியரா லியோனில் நிலையப் பிரசவம் 2013-இல் 54 சதவீதம், 2019 கணக்கெடுப்பில் 83 சதவீதம். நடுவில் ஒரு எபோலா வந்துபோனதற்கான அடையாளமே அந்த எண்களில் இல்லை.

இன்னொரு சுவையான சோதனையும் அதே நாட்டில் நடந்தது. எபோலாவுக்கு முன்பே, 2011-12 வாக்கில், 254 சிறிய சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு ஆய்வாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். சில ஊர்களில் ஊர்மக்களையும் நிலையத்துப் பணியாளர்களையும் ஒன்றாக உட்காரவைத்துக் குறைகளைப் பேசச் செய்தார்கள். வேறு சில இடங்களில் நன்றாக வேலை செய்த பணியாளர்களுக்குப் பணமல்லாத பாராட்டு விருது கொடுத்தார்கள். மீதி ஊர்களில் ஒன்றும் செய்யவில்லை. எல்லா இடத்திலும் சிகிச்சை ஒரே மாதிரி இலவசம்தான். இது எபோலாவை மனதில் வைத்துச் செய்யப்பட்டதே அல்ல. ஆனால் எபோலா வந்தபோது, இந்த ஏற்பாடு நடந்த நிலையங்களைச் சுற்றிப் பதிவான எபோலா நோயாளிகள் மற்ற இடங்களைவிட 60 சதவீதம் அதிகம்! நோய் அங்கே அதிகம் என்று பொருளல்ல. காய்ச்சல் வந்தவர்கள் ஒளிந்துகொள்ளாமல் வந்து சொன்னார்கள் என்றுதான் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சீக்கிரம் வந்ததால் இறந்தவர்களும் குறைவு. தங்களிடம் முகம் கொடுத்துப் பேசிய நர்சு இருக்கும் இடத்துக்குப் பயமான காலத்திலும் மக்கள் போனார்கள்.

வராதவர்களிடம் மருந்து போனது

2014 டிசம்பரில் சியரா லியோன் அரசு வேறு வழியில் யோசித்தது. மக்கள் நிலையத்துக்கு வரவில்லை, மலேரியாவோ குறையவில்லை. மலேரியாக் காய்ச்சல் கண்டவர்களையெல்லாம் எபோலாவாக இருக்குமோ என்று சந்தேகித்து அடைத்துவைக்க வேண்டியும் இருந்தது. ஆகவே மருந்தை வீடு வீடாகக் கொண்டுபோனார்கள். நோய் உண்டா இல்லையா என்று பார்க்காமல், சோதனை செய்யாமல், அதிகம் பாதிக்கப்பட்ட பகுதிகளில் சுமார் 25 லட்சம் பேருக்கு மலேரியா மாத்திரை நான்கு நாட்களில் கொடுக்கப்பட்டது. 2015 ஜனவரியில் இன்னொரு சுற்று. ஏப்ரலில் பள்ளிகள் திறந்தன. எபோலாவிலிருந்து பிழைத்து, கண் நோயும் மூட்டுவலியுமாக அவதிப்பட்டவர்களும் இலவசச் சிகிச்சை பெறுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள்.

காங்கோவில் தலைகீழ்ச் சோதனை

சியரா லியோனில் இலவசம் முதலில் வந்தது, எபோலா பின்னால் வந்தது. காங்கோ ஜனநாயகக் குடியரசில் வரிசை மாறியது. அங்கே நோயாளிகள் கட்டணம் கொடுத்தே சிகிச்சை பெற்றார்கள். 2018 மே 8-ஆம் தேதி எக்குவட்டர் மாகாணத்தில் எபோலா அறிவிக்கப்பட்டது. உடனே அரசு, நோய் கண்ட பிக்கோரோ, இபோகோ, வங்காட்டா ஆகிய மூன்று சுகாதார மண்டலங்களில் எல்லா நோய்க்கும் சிகிச்சையை இலவசமாக்கியது. காரணம் தருமம் அல்ல. காய்ச்சல் கண்டவன் காசில்லாமல் வீட்டில் கிடந்தால் எபோலாவைக் கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். இதற்கு உலக வங்கியின் நிதியும் உதவியது. 1987-இல் கட்டணம் வாங்கச் சொன்ன அதே உலக வங்கி!

அங்கே மக்கள் வந்தார்கள். எபோலா இருக்கிறது என்று தெரிந்தே, வழக்கத்தைவிட அதிகமாக நிலையங்களுக்கு வந்தார்கள் என்று பின்னர் அண்டை மண்டலங்களோடு ஒப்பிட்டு நடந்த ஆய்வு சொல்கிறது. சியரா லியோனில் நடக்காதது இங்கே ஏன் நடந்தது? அந்த நோய்ப்பரவல் சிறியது, 54 பேரோடு ஜூலை 24-இல் முடிந்துவிட்டது. தடுப்பூசி வந்திருந்தது. நர்சுகள் கும்பலாகச் சாகவில்லை. இவையெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்த ஊர்களில் அதுவரை மக்களைத் தடுத்துக்கொண்டிருந்தது பயமல்ல, காசு. காசை எடுத்ததும் கதவு திறந்தது. சியரா லியோனில் காசு ஏற்கெனவே விலகியிருந்தது, 2014-இல் கதவை அடைத்தது வேறொன்று.

அடுத்த வாரமே, 2018 ஆகஸ்ட் 1-ஆம் தேதி, நாட்டின் மறுகோடியில் வட கிவு மாகாணத்தில் இன்னொரு எபோலா. அது 2020 ஜூன் வரை நீடித்து, 3,470 பேரைத் தாக்கி 2,287 பேரைக் கொன்றது. அங்கும் இலவசச் சிகிச்சை அறிவிக்கப்பட்டது, அங்கும் கூட்டம் வந்தது. ஆனால் பெனி நகரில் அந்தக் கூட்டமே ஆபத்தானது. மலேரியாக் காலம் வேறு. காய்ச்சலோடு வந்த குழந்தைகள் சிறு சிகிச்சை நிலையங்களில் நெருக்கமாகக் கிடத்தப்பட்டு, மலேரியாவுக்கு ஊசி போடப் போன இடத்தில் எபோலாவை வாங்கி வந்தார்கள். 2018 இறுதியில் பெனியில் பாதிக்கப்பட்டவர்களில் குழந்தைகள் அதிகமாக இருந்ததற்கு இதுவே முக்கியக் காரணம் என்று உலக சுகாதார நிறுவனம் கருதியது. கடைசியில் அங்கும் சியரா லியோன் வழிதான். நவம்பர் இறுதியில், 4.5 லட்சம் பேரை இலக்காக வைத்து மலேரியா மாத்திரை வீடு வீடாகப் போனது.

பெனி மக்களுக்கு அரசின் மீது சந்தேகம் நிறையவே இருந்தது. பல்லாண்டுகளாக ஆயுதக் குழுக்கள் கொன்று குவித்த ஊர் அது. அப்போதெல்லாம் எட்டிப் பார்க்காதவர்கள், மலேரியாவில் பிள்ளைகள் சாகும்போது வராதவர்கள், எபோலா என்றதும் வண்டி வண்டியாக வந்து இலவசமாக வைத்தியம் பார்க்கிறார்களே, ஏன்? 2018 செப்டம்பரில் பெனியிலும் புட்டெம்போவிலும் எடுத்த கருத்துக் கணிப்பில் நான்கில் ஒருவர் எபோலா என்பதே பொய் என்று சொன்னார். கேட்டவர்களுக்கு அது அறியாமையாகப் பட்டது. ஆனால் அந்தக் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கவே செய்தது. இலவசம் எபோலா இருந்த மண்டலத்துக்கு மட்டும்தான் வந்தது, அதுவும் தற்காலிகமாக. எபோலா எட்டாத மண்டலத்தில், அதே மலேரியாவுக்கு, அதே ஊசிக்கு வழக்கம்போலக் காசு கட்ட வேண்டும்.

2023 செப்டம்பரில் காங்கோ அரசு தலைநகர் கின்ஷாசாவில் பிரசவத்தையும் பிறந்த குழந்தைக்கான சிகிச்சையையும் இலவசமாக்கும் திட்டத்தைத் தொடங்கி, பின்னர் வேறு மாகாணங்களுக்கும் விரித்தது. இம்முறை எபோலா வந்து கேட்கும் வரை காத்திருக்கவில்லை.